மேடைக்கு உன்னோடு யார் வருகிறார்கள்?

போன மாதம் பிரேமா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற வருஷத்தில் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். இப்போது அந்தப் பிரிவுக்கே அலுவலர்.

"கோமதி அக்கா, தரவரிசை மாணவர் பாராட்டு விழாவ நிப்பாட்டப் போறாங்களாம். பதக்கத்தக் கல்லூரிக்கே அனுப்பிட்டாப் போதும்னு ஒரு யோசனை. அடுத்த கூட்டத்துல பேசுவாங்க. நீங்கதான் அத ரொம்ப வருஷம் பாத்தீங்க. அந்த விழாவுல என்ன விசேஷம்னு ஒரு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

ஒரு பக்கம்தானே என்று ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்ததும் குழப்பம் வந்துவிட்டது. விசேஷம் என்று ஒன்றை எழுதினால், அதற்கு நேர் எதிரான ஒன்றும் கூடவே நினைவுக்கு வருகிறது. பிரேமாவுக்கு எப்படியோ ஒரு பக்கத்தை ஒப்பேற்றி அனுப்பிவிட்டேன். அதில் எழுத முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தவள். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பிறகு வாசித்தவரும் பார்த்தவரும் இடம் மாறி முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். கார்பன் தாளின் நீலம் எத்தனை கழுவினாலும் விரல் நுனியில் மிச்சம் இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உதவியாளராகித் தேர்வுப் பிரிவுக்கு வந்தேன். அங்கே சங்கரலிங்கம் சார் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்தார்.

கணக்குப் பேராசிரியராக இருந்து அந்தப் பதவிக்கு வந்தவர். ஒல்லியான உடம்பு, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எந்த விஷயத்தைக் கொண்டு போனாலும் காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைக்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு, "இப்பச் சொல்லும்மா" என்பார். காகிதத்தைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை என்றால் நமக்கே அது விளங்கவில்லை என்பது அவர் கட்சி. சொல்லி முடித்ததும் ஒரே கேள்விதான் வரும். "இது நீ பாத்ததா, கேட்டதா?" கேட்டது என்றால், "பாத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு நானே பார்த்துவிட்டுத்தான் போவேன்.

பாராட்டு விழா அப்போதைய துணைவேந்தரின் யோசனை. பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் வருவார், கறுப்பு அங்கி போட்டு வரிசையில் நிற்பார்கள், கூட்டத்தில் யார் முதல், யார் கடைசி என்று தெரியாது. ஒவ்வொரு பாடத்திலும் முதலிடம் பெற்ற பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கொண்டாட வேண்டும், பெற்றவர்களும் மேடைக்கு வர வேண்டும் என்றார் அவர். துணைவேந்தர் பதக்கத்தை எடுத்து அப்பா கையிலோ அம்மா கையிலோ கொடுப்பார். அவர்தான் பிள்ளையின் கழுத்தில் போட வேண்டும்.

முதல் வருஷம் பெயர்களை வாசிக்க நல்ல குரல் உள்ள ஓர் ஆங்கிலப் பேராசிரியரை ஏற்பாடு செய்தார்கள். வெளியூர்க்காரர். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பெயர்களை அவருக்குத் தெரிந்த மாதிரி வாசித்தார். தாவரவியலில் முதலிடம் பெற்ற இசக்கியம்மாள், நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளை. 'எசாக்கி அமல்' என்று வாசித்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது அந்தப் பிள்ளையும் அவள் அப்பாவும் என்னிடம் வந்தார்கள். "மேடம், எம் பேரு வரவே இல்லையே. வேற யாருக்காவது மாறிப்போயிட்டா?" என்று கேட்டாள். அப்பா லாரி ஓட்டுபவர். சட்டைப் பையில் புதுக் கைக்குட்டையை முக்கோணமாக மடித்து வைத்திருந்தார்.

அடுத்த வருஷத்திலிருந்து சங்கரலிங்கம் சாரே வாசித்தார். அதற்கு ஒரு முறை வகுத்தார். வாசலில் ஒரு மேசை போட்டு நான் உட்காருவேன். ஒவ்வொரு மாணவரும் தன் பெயரை வாயால் சொல்ல வேண்டும். காதில் விழுந்தபடியே தமிழில் ஒரு சீட்டில் எழுதுவேன். கீழே கல்லூரி, பாடம், கடைசி வரியில் 'இன்னாரின் மகள்' அல்லது 'மகன்'. பிறகு அவர்களை மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அனுப்புவேன். சார் அங்கே நின்றபடி சீட்டைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு தடவை வாசித்துக் காட்டுவார். "சரியா?" என்று கேட்பார். பிள்ளை தலையாட்டினால் சீட்டு அடுக்குக்குள் போகும். அப்பாவையும் கூப்பிட்டு, "உங்க பேரு சரியா வந்திருக்கா?" என்று கேட்பார். தன் பெயரை அப்படி ஒருவர் மரியாதையாக வாசித்து, சரியா என்று கேட்பது அந்த மனிதர்கள் பலருக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நின்ற நிலையே மாறிவிடும்.

நல்ல வருஷங்கள் இருந்தன. மேலப்பாளையத்துப் பிள்ளை ஒருத்தியின் வாப்பா துபாயிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கி, வாடகைக் காரில் நேரே விழாவுக்கு வந்தார். பெட்டியை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்று அதோடு மேடை ஏறிவிட்டார். பதக்கம் போட இரண்டு கையும் வேண்டுமே. துணைவேந்தரே பெட்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். அரங்கம் முழுவதும் சிரித்தது, அந்தப் பிள்ளையும் சிரித்தாள். அந்தப் புகைப்படம் எங்கள் அறையில் வெகுநாள் இருந்தது.

பேச்சியம்மாளின் வருஷம் இதற்கெல்லாம் பிறகு, தொண்ணூறுகளின் பிற்பாதியில்.

கணக்குப் பாடத்தில் முதலிடம். திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் படித்தவள். விழா அன்று அவள் வருவதற்கு முன்பே ஒருவர் மேசைக்கு வந்தார். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, கையில் வாழை இலையில் பொதிந்த ரோஜா மாலை.

"பேச்சியம்மாளோட அப்பா. சண்முகவேல். திசையன்விளையில பலசரக்குக் கடை வச்சிருக்கேன்" என்று சொல்லி எங்கள் அழைப்பு அட்டையை நீட்டினார். பெயரும் முகவரியும் பதிவில் இருந்தபடியே இருந்தன. சட்டையில் குத்திக்கொள்ளப் பூ கொடுத்து உள்ளே அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்தார். மெலிந்த ஆள், சலவை மடிப்புக் கலையாத கால்சட்டை, நகக் கண்களில் போகாத எண்ணெய்க் கறை. பக்கத்தில் அவர் மனைவி. கல்லூரி தனியாக அச்சடித்து அனுப்பிய அழைப்பு அவர் கையில் இருந்தது.

"பேச்சியம்மாள் அப்பா மேடம். சுடலைமுத்து."

"அவங்க அப்பா உள்ள போயிட்டாங்களே" என்றேன்.

அவர் என் தலைக்கு மேலாக அரங்கத்துக்குள் பார்த்தார். முகம் இறுகியது. "அவரா? அவரு மாமா. பெத்தவன் நான்" என்று சொல்லிவிட்டு மேசையை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

விஷயத்தை மனைவிதான் பைய எனக்குச் சொன்னாள். பாக்கியம் என்று பெயர். "இவுக அக்காவத்தான் திசையன்விளையில குடுத்திருந்துச்சு. அவுகளுக்குப் பிள்ள இல்ல மேடம். எனக்கு ரெண்டாவதாப் பெறந்தவ இவ. தொட்டில்ல கெடந்தவளத் தூக்கிக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துல எல்லாம் அக்கா வீட்டுக்காரரு பேருதான். பத்தாவது படிக்கும்போது இவுக அக்கா செத்துப்போனாவ. பொம்பள இல்லாத வீட்டுல வயசுப் பிள்ளைய விடக்கூடாதுன்னு காரியத்துக்குப் போன இவுக கையோட கூட்டிட்டு வந்துட்டாவ. அன்னையில இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல."

அதாவது, பிறந்ததிலிருந்து பேச்சியம்மாள் அத்தையை அம்மா என்றும், அத்தையின் கணவரை அப்பா என்றும் கூப்பிட்டிருக்கிறாள். பெற்ற அப்பா அவளுக்கு மாமா, பெற்றவள் மாமன் பெண்டாட்டி என்ற முறையில் அத்தை. பத்தாம் வகுப்பில் திருநெல்வேலிப் பேட்டையில் இருந்த பெற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்கள். மாமாவை அப்பா என்று கூப்பிட வேண்டும், அத்தையை அம்மா என்று கூப்பிட வேண்டும், அதுவரை அப்பாவாக இருந்தவர் இனி மாமா. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே தலை சுற்றியது.

பேச்சியம்மாள் கல்லூரி வேனில் தோழிகளோடு வந்து இறங்கினாள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. பெயரைத் தெளிவாகச் சொன்னாள். எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"யார் பேர எழுதட்டும்மா?"

அவள் அரங்கத்தின் உள்ளே பார்த்தாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் வந்திருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"நீங்களே எழுதிருங்க மேடம்" என்றாள்.

"நான் எப்படிம்மா எழுத?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் தாவணியில் துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டு தோழிகளிடம் போய்விட்டாள்.

சீட்டோடு சங்கரலிங்கம் சாரிடம் போனேன். வழக்கம்போலக் கவிழ்த்து வைக்கச் சொல்லிக் கண்ணை மூடினார்.

"சார், ஒரு பிள்ளைக்கு ரெண்டு அப்பா வந்திருக்காங்க."

முழுவதையும் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார். "பதிவுல யாரு?"

"வளத்தவர்."

"பிள்ள என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு சார்."

"பதிவுப்படி வாசிச்சா யாரும் நம்மளக் கேக்க முடியாது" என்றார். கண்ணைத் திறந்தார். பிறகு, "ரெண்டு பேரையும் வரச் சொல்லு" என்றார்.

அவர்கள் வந்தார்கள். உட்காரச் சொன்னார். ஒருவர் உட்கார்ந்தால் தானும் உட்கார வேண்டுமோ என்பதுபோல இருவருமே நின்றார்கள். சண்முகவேல் முதலில் பேசினார்.

"ஐயா, அவள நான் கையில வாங்கும்போது தலை நிக்கல. கடையில சாக்கு மேல உக்கார வச்சு மனக்கணக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒண்ணே முக்கால் கிலோ பருப்பு என்ன ஆகும்னு நான் வாயத் தொறக்குததுக்கு முன்ன அவ சொல்லுவா. வாங்க வந்தவுக எல்லாம் அசந்து நிப்பாக. அந்தக் கணக்குக்குத்தான இந்தப் பதக்கம்?"

"கணக்கு எங்க ரத்தத்துல இருக்குய்யா" என்றார் சுடலைமுத்து. "பேட்டையில லேத்து ஓட்டுதேன். கண்ணால பாத்தே நூல் பிசகாம இரும்பக் கடைவேன். மூணு வருசமும் அவளக் காலேஜுக்கு சைக்கிள்ல கொண்டு விட்டவன் நான். மழைன்னு ஒரு நாள் தவறல. அவரு ஒரு நாள் எட்டிப் பாத்தாரான்னு கேளுங்க."

"எட்டிப் பாக்க நீ விட்டியாலே?"

"நான் வாசலையா அடைச்சேன்? நீங்கதான் வரல."

சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்பப் பேசுனீங்க?" என்று கேட்டார்.

சுடலைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க அக்கா காரியத்துல" என்றார்.

சங்கரலிங்கம் சார் அப்போது எடுத்த முடிவை நான் எதிர்பார்க்கவில்லை. "இந்த வருஷம் பெத்தவங்க பேரு வாசிக்கப் போறதில்ல. எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. பிள்ள பேரு, கல்லூரி, பாடம், அவ்வளவுதான். மேடைக்கு யார் வரணுங்கறத நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிப் பேசிட்டு வாங்க. நேரம் இருக்கு" என்றார்.

அவர்கள் போனதும், "சார், மத்தவங்க எல்லாம் அவங்க பேரக் கேக்கத்தான வந்திருக்காங்க?" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "ஒரு சீட்டுல மட்டும் பேரு இல்லன்னா அந்தப் பிள்ளையத்தான் எல்லாரும் பாப்பாங்க."

உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வரியை அடித்தேன். இசக்கியம்மாளின் அப்பாவைப் போலப் புதுக் கைக்குட்டை மடித்து வந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஒருத்திக்காக அத்தனை பேர் பெயரையும் அடிப்பது சரியா என்று அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு வாகை மரம், அதன் அடியில் சிமெண்டு பெஞ்சு. பக்கவாட்டுக் கதவு வழியாகப் பார்த்தபோது அவர்கள் பெஞ்சின் இரண்டு முனையிலும் நின்றுகொண்டிருந்தார்கள். சண்முகவேல் ஏதோ சொன்னார். சுடலைமுத்து மறுத்துத் தலையாட்டினார். எனக்குப் பின்னால் பேச்சியம்மாள் வந்து நின்றது தெரியவில்லை.

"என்ன பேசுதாங்க மேடம்?"

"கேக்கலம்மா. உனக்கு யார் வரணும்னு இருக்கு? என்கிட்டயாவது சொல்லேன்."

"அப்படிக் கேக்காதீங்க மேடம்" என்றாள். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

விழா தொடங்கியது. முதல் சில பெயர்களிலேயே சலசலப்பு வந்துவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், மகனுக்குப் பதக்கம் போட்டுவிட்டு இறங்கியதும் நேரே என்னிடம் வந்தார். "போன வருஷம் எங்க பக்கத்து வீட்டுக்காரர் பேர வாசிச்சீங்க. எம் பேர ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார். இந்த வருஷம் யாருக்கும் இல்லை என்று சொன்னேன். "ஏன்?" என்றார். அவர் மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பேச்சியம்மாளின் பெயரைச் சார் வாசித்தார். அவள் மேடை ஏறினாள். துணைவேந்தர் பதக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தார். யாரும் வரவில்லை. நானும் கூட்டத்துக்குள் தேடினேன். சண்முகவேல் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ரோஜா மாலை மட்டும் இருந்தது. சுடலைமுத்துவையும் காணவில்லை. பாக்கியம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் பாதி எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"பேரண்ட்ஸ் வரலையாம்மா?" என்று துணைவேந்தர் கேட்டது ஒலிபெருக்கியில் கேட்டது.

"வந்திருக்காங்க சார்" என்றாள் பேச்சியம்மாள்.

அவர் என்ன செய்வதென்று தெரியாமல் சங்கரலிங்கம் சாரைப் பார்த்தார். சார் அசையவில்லை. பேச்சியம்மாள் கையை நீட்டிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டாள். கழுத்தில் போடவில்லை. நாடாவைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கைதட்டல் தயங்கித் தயங்கி வந்தது.

நான் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். இருவரும் இப்போது பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமுத்து முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். சண்முகவேலின் கை அவர் முதுகில் இருந்தது.

"பேச்சியம்மாளக் கூப்பிட்டாச்சு" என்றேன்.

"இந்தா வாரோம்" என்று சுடலைமுத்து எழுந்தார். "அத்தான், நீங்களே போங்க."

"வாங்கிட்டு இறங்கியாச்சுங்க" என்றேன்.

அவர் நின்றபடியே நின்றார். சண்முகவேல் என்னிடம் ஏதோ விளக்கம் சொல்ல வேண்டியவர்போல ஆரம்பித்தார். "இவன் அக்கா ஆஸ்பத்திரியில கடைசியாச் சொன்னது, பிள்ளையத் தம்பிகிட்ட விட்டுருங்கன்னுதான். எனக்குத்தான் மனசு வரல. இவன் வந்து கேட்டப்ப அதச் சொல்லாமச் சண்ட போட்டேன். இன்னைக்குத்தான் சொன்னேன். நேரம் போனது தெரியல."

அதற்குள் பேச்சியம்மாளே வந்துவிட்டாள். பின்னால் பாக்கியமும் வந்தாள். பெஞ்சையும் அவர்கள் இருவரையும் பேச்சியம்மாள் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுததுக்கு நான் அங்கன தனியா நிக்கணுமா?" என்றாள்.

விழா முடிந்ததும் சங்கரலிங்கம் சாரிடம் சொன்னேன். எதையும் இரண்டாவது தடவை செய்யாத மனிதர், "அரங்கத்தச் சாத்த வேண்டாம்னு சொல்லு. துணைவேந்தர நான் நிறுத்தி வைக்கேன். மறுபடி வாசிக்கேன், யார் யார் வரணுமோ எல்லாரும் வரட்டும்" என்றார். அதை நானே போய்ச் சொன்னேன். இரண்டு ஆண்களின் முகமும் மலர்ந்தது.

"வேண்டாம் மேடம்" என்றாள் பேச்சியம்மாள். "ஒரு தடவ வாங்கியாச்சு."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் அவர்களோடு வளாக வாசலில் பஸ் நிறுத்தம் வரை போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது, அப்படியே விட்டுவிட்டு வர மனமில்லை. சண்முகவேல் அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தார். ஆண்கள் இருவரும் சாலையின் ஓரமாகக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஜங்ஷன் போகும் டவுன் பஸ் வளைவில் திரும்பியது.

"அப்பா, பஸ் வந்துட்டு" என்றாள் பேச்சியம்மாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் யாரைக் கூப்பிட்டாள் என்று அவர்களும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். ஜங்ஷனில் இறங்கி அவள் பேட்டைக்குப் போனாளா, திசையன்விளைக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது.

பெயர் வாசிக்காததற்கு அந்த வருஷம் புகார்கள் வந்தன. சங்கரலிங்கம் சார் எல்லாவற்றையும் படித்தார், எதற்கும் காரணம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் முறையை மாற்றினார். மேசையில் நான் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "மேடைக்கு உன்னோட யார் வாராங்க?" பிள்ளை யாரைச் சொல்கிறதோ அவர் பெயரை, உறவு என்னவோ அதைச் சொல்லி வாசிப்பார்.

அருமையான மாற்றம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு பையன் பீடி சுற்றித் தன்னைப் படிக்க வைத்த அக்காவைக் கூட்டி வந்தான். இன்னொருவன் விடுதிச் சமையல்காரரைச் சொன்னான். அவர் கைலியை மாற்றிக்கொள்ள ஓடினார். ஆனால் அதே மேசையில் ஒரு பிள்ளை, பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருக்கும்போதே, "அம்மா வரட்டும்" என்று சொன்னதும் நடந்தது. அந்த மனிதர் பூவை வாங்கிய கையோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "யாரும் வரல, நான் மட்டும்தான்" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போன பிறகு, அவனுடைய அப்பா என்று ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். கேட்டதுதான், பார்க்கவில்லை. இப்படிக் கேட்காமல் பதிவில் இருக்கிற பெயரையே வாசித்திருந்தால் எத்தனை பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றும் தோன்றும். இசக்கியம்மாளையும் அவள் அப்பாவையும் நினைத்தால், இல்லை, கேட்கத்தான் வேண்டும் என்றும் தோன்றும்.

பேச்சியம்மாளை அதற்குப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். கோவில்பட்டியில் ஒரு வங்கியில் வேலை கிடைத்திருந்தது. ஏதோ சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்கு வந்தவள், என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் இப்போது போக வர இருக்கிறது என்றாள். திசையன்விளையில் கோயில் கொடை விழா வந்தால் சுடலைமுத்துதான் முதல் ஆளாகப் போய் நிற்கிறாராம். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அன்னைக்கு மேடையில தனியா நின்னியே, ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

"நீங்க நெனைக்குத மாதிரி இல்ல மேடம். யாரும் வரலன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு. யார் வந்தாலும் இன்னொருத்தர் கீழ உக்காந்திருப்பாங்கல்லா." கையிலிருந்த சான்றிதழை மடியில் வைத்தாள். "அப்பந்தான் எங்கம்மா எந்திரிச்சா."

"பாத்தேன். கூச்சப்பட்டு உக்காந்துட்டாங்க."

"இல்ல மேடம். நான்தான் அவளப் பாத்துத் தலையாட்டுனேன். வேண்டாம்னு. தூக்கிக் குடுத்தவ இப்ப எதுக்கு வாரான்னு அந்த நேரத்துல தோணிட்டு. அன்னைக்குச் சரின்னுதான் பட்டுச்சு. இப்ப அந்தப் பதக்கத்தத் தொடைச்சுத் தொடைச்சு வைக்குதது அவதான். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் அது பளபளன்னு இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "மேடம், நீங்க கீழதான நின்னீங்க. நான் தலையாட்டுனத அவ பாத்தாளா? இல்ல, பாக்காம அவளாத்தான் உக்காந்தாளா?"

அந்த நேரத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாக்கியம் எழுந்தது தெரிகிறது. முந்தானையை இழுத்துவிட்டது தெரிகிறது. அந்த நொடியில் அவள் கண் மேடையில் இருந்ததா, தரையில் இருந்ததா என்பது மட்டும் தெரியவில்லை. நான் அப்போது மகளைப் பார்க்கவில்லை, அம்மாவை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் தெரியவில்லை.

"தெரியல பேச்சி" என்றேன். "அவங்கதான வீட்டுல இருக்காங்க. கேட்டுப் பாரேன்."

"கேக்கணும் மேடம்" என்றாள். சான்றிதழைப் பைக்குள் வைத்தாள், எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"பாக்கலன்னு சொன்னா நான் நம்பணுமா?" என்று கேட்டாள்.